மூன்றாம் நம்பர் வீட்டின் சரியான விலை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது: 1975-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி, சனிக்கிழமை, காலை 7.40 மணிக்கு, தாம்பரம் கிழக்கில் கான்ட்ராக்டர் வரிசையில் ஒரு வீடு களவு போயிற்று. பதினான்கடி அகலம், நாற்பத்திரண்டடி நீளம், மெட்ராஸ் டெரஸ் கூரை, பின்புறம் ஒரு முருங்கை மரம் உட்பட. நகை திருடு போனதுண்டு, சைக்கிள் திருடு போனதுண்டு. ஒரு முழு வீட்டை நிலைப்படியோடு தூக்கிச் சென்ற பெருமை தாம்பரத்துக்கே உரியது என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் கவனத்தில் கொள்ளவும்.

வீடு என்னவோ இருந்த இடத்தில்தான் இருந்தது. அதன் சொந்தக்காரியான ரத்தினபாய் டீச்சர் வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் வீடு இனி அவருடையதல்ல என்று அவர் கையிலிருந்த கடிதம் சொல்லிற்று.

கடிதத்தில் பாதியை மேல்தலைப்பே விழுங்கியிருந்தது: "கான்ட்ராக்டர் வரிசை மற்றும் சுற்றுப்புற நகர் நல முன்னேற்றச் சங்கம். தலைவர்: சிந்தனைச் சுடர் கேசவன்." அந்தப் பட்டத்தைச் சங்கம் அவருக்கு ஏகமனதாக வழங்கியிருந்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவர்தான்.

கடிதம் கொண்டுவந்த அம்மணி, கேசவனுடைய மரவாடியைப் பெருக்குகிறவள். அவள் நிலைகொள்ளாமல் நின்றாள்.

"இன்னா டீச்சரம்மா, படிச்சது போதும், ஒரு கையெழுத்துப் போடு. ஒம்பதுக்குள்ள நான் திரும்பிப் போவணும்."

"ஒன்பதுக்கு என்ன அவசரம்?"

"எனக்கு இன்னா தெரியும்? ஆறு மணிக்கே லெட்டர வாங்கிகினு குந்தினு இருந்தேன். ஏழரைக்கு முன்னால படி எறங்காதே, ஒம்பது தாண்டாதேன்னு ஐயா ஒரே பேஜாரு. ஒரு கவரு குடுக்க இத்தினி சட்டமா?"

கடிதத்தின் சாரம் இது. டீச்சரின் காலஞ்சென்ற கணவர் எலியேசர், சங்கத்தின் பொருளாளராக இருந்தபோது, மூன்றாம் நம்பர் வீட்டை ஆறாயிரம் ரூபாய்க்குச் சங்கத்துக்கு விற்பதாக ஒப்புக்கொண்டு ஐந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். பாக்கி ஐயாயிரத்து ஐந்நூறைச் சங்கம் தரும். பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்து தரவேண்டும். அவ்விடத்தில் "கேசவன் மணிவிழா நினைவுப் படிப்பகம்" மலரும்.

டீச்சர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். முப்பத்தோரு வருஷம் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் பார்வை ஆறாயிரம் என்ற எண்ணிலேயே நின்றது.

இங்கே வீட்டின் பூர்வோத்திரத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஐந்து வீடுகள் கொண்ட அந்த வரிசையை 1937-இல் ஒரு ரயில்வே கான்ட்ராக்டர் கட்டினார். பாலத்துக்கு வந்த சிமெண்டில் மிஞ்சியது வீடுகளாயிற்று என்பார்கள். பாலம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நம்பர் அப்போது எழுநூறு ரூபாய். 1942-இல் பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் ஓடி வந்தபோது, மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் வீட்டைப் பார்க்காமலே ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கினார். குண்டு விழாததால் அவருக்கு நஷ்டம். மறு வருஷமே ஆயிரத்து நூறுக்குத் தள்ளிவிட்டார். 1954-இல் எலியேசர் வாங்கியது மூவாயிரத்து ஐந்நூறுக்கு. 1975-இல் சிட்லபாக்கத்து ஸ்ரீநிவாசன் என்பவர் இருபத்து நாலாயிரத்துக்குப் பேசி முடித்து, வருகிற வெள்ளிக்கிழமை முன்பணம் தருவதாக இருந்தார்.

அந்தப் பணத்தில்தான் டீச்சருடைய மிச்ச வாழ்க்கை இருந்தது. மகள் பியூலா பல்லாவரத்தில் இருந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் அரை கிரவுண்டு காலி. அதை வாங்கி இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கட்டிவிட்டால், டீச்சர் தன் கதவைத் தானே திறந்து தானே சாத்திக்கொள்ளலாம். ஆறாயிரம்தான் என்றால் மருமகன் வீட்டு ஹாலில், ரேடியோவுக்குக் கீழே ஒரு கட்டில். மருமகன் நல்லவன். ரேடியோவைச் சத்தமாக வைப்பான்.

காலை 7.55. டீச்சர் காப்பி டம்ளரும் கையுமாக முதல் நம்பர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அங்கே இருந்தவள் திரிபுரசுந்தரி. ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எழுத்தர். பத்தொன்பது வருஷமாக ஊரார் பத்திரங்களைப் பேரேட்டில் கையால் எழுதிவருகிறவள். அண்ணன் தம்பியை ஏமாற்றியது, தம்பி அண்ணியை ஏமாற்றியது எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போயிற்று. அதனால் மனிதர்கள்மேல் கோபம் வடிந்து, வேடிக்கை பார்க்கிற ஆசை மட்டும் மிஞ்சியிருந்தது.

"சுந்தரி, இதைப் படி."

படித்தாள். "எலியேசர் சார் உங்ககிட்ட சொல்லாம வீட்டை விப்பாரா?"

"என்கிட்ட சொல்லாம முருங்கைக்காயே பறிக்கமாட்டார்."

"அப்ப இது பொய்."

"பொய்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஸ்ரீநிவாசனுக்கும் நேத்தே ஒரு லெட்டர் போயிருக்காம். வில்லங்கம் தீர்ந்தப்புறம் பார்க்கலாம்னு அவர் காலையிலேயே ஆள் அனுப்பிட்டார்."

"சரி, நீங்க முதல்ல காப்பியக் குடிங்க. ஆறிப்போச்சு. நான் போய் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துட்டு வரேன்."

காலை 9.20. ஜி.எஸ்.டி. ரோடு, கேசவன் மரவாடி. வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் திறந்திருக்கும் கடை. "பண்டிகை என்பது சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு" என்று வாசலில் கரும்பலகையில் எழுதியிருந்தது. தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாம் அங்கே ரம்பச் சத்தத்தில் கரைந்துபோகும்.

கேசவன் எழுந்து நின்று வரவேற்றார். உட்கார்ந்தபடி பேசினால் அவருக்குச் சொற்பொழிவு வராது.

"வாருங்கள் அம்மையீர்! மணி ஒன்பது இருபது. மூடர்கள் ராகு காலம் என்று மூலையில் முடங்கும் நேரம். நான் இந்த நேரத்தில்தான் ஆவணத்தையே வெளியே எடுக்கிறேன். பாருங்கள்!"

முழுக்கத் தமிழ் டைப்ரைட்டரில் அடித்த ஒரு தாள். அடியில் பத்து பைசா ரெவின்யூ ஸ்டாம்ப், அதன்மேல் எலியேசரின் கையெழுத்து. சுந்தரி வாய்க்குள் படித்தாள்: "1973-ஆம் வருஷம் ஏப்ரல் 20-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பகல் 12.10 மணிக்கு என் இல்லத்தில் வைத்து எழுதிக்கொடுத்த ஒப்பந்த ரசீது..."

"இது எங்கே இருந்தது?"

"சங்கத்துப் பெட்டியில். போன வாரம் நானும், செயலாளர் தோத்தாத்ரியும், பொருளாளர் ஜெபசீலனும் சேர்ந்து திறந்தோம். மேலேயே இருந்தது."

"பெட்டிச் சாவி?"

"மூவரிடமும் ஒவ்வொன்று. டைப்ரைட்டரும் சங்கத்தினுடையதே. மூவருக்கும் பொது."

"முன்பணம் ஐந்நூறு யார் கொடுத்தது?"

"ஆவணத்தில் உள்ளதே! பெயர் வெளியிட விரும்பாத அன்பர்."

"அந்த அன்பர் நீங்களா?"

"நான் பெயர் வெளியிட விரும்பாதவன் என்று யாராவது சொன்னார்களா?" என்றார் கேசவன். அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் நம்பும்படி இருந்தது.

"நாளை ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பொதுக்குழு. அதுவும் ராகு காலமே. வேண்டுமென்றேதான் வைத்தேன். வீட்டை ஏற்கும் தீர்மானத்தில் கையெழுத்தாகிவிடும்."

காலை 10.45. நாலாம் நம்பர் வீடு. தோத்தாத்ரி செக்ரடேரியட்டில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தரை மணிக்கு முன்னால் வந்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டார்.

"வாங்கோ. டீச்சர் விஷயமா? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ரூல்னா ரூல்."

"எலியேசர் சாருக்கும் உங்களுக்கும் ஆகாதாமே?"

"யார் சொன்னா? பொதுச்சுவர்ல அவர் ஆணி அடிச்சார். இந்தப் பக்கம் என் பெருமாள் படம் விழுந்துடுத்து. பதினோரு வருஷம் பேசலை. மத்தபடி ரொம்ப சிநேகம்."

"அந்த ஒப்பந்தம் எழுதினபோது நீங்க இருந்தீங்களா?"

"பேசாத மனுஷர் ஆத்துக்கு நான் எதுக்குப் போறேன்?"

பழைய சங்கக் குறிப்புகளை எடுக்க அவர் மர பீரோவைத் திறந்தார். சுந்தரி அதை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவின் உட்புறம் 1951-லிருந்து வருஷா வருஷம் அரசாங்க விடுமுறைப் பட்டியல்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. பெண்டாட்டியின் பிறந்த நாளை மறக்கிற சர்க்கார் ஊழியன் உண்டு. லீவு நாளை மறந்தவன் கிடையாது. உள்ளே தட்டில் பஞ்சாங்கங்கள், பச்சையும் மஞ்சளுமாக, வருஷ வரிசைப்படி. பரிதாபிக்கும் ஆனந்தவுக்கும் நடுவில் மட்டும் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி.

"இங்கே ஒண்ணு காணோமே, மாமா?"

"பிரமாதீசவா? கேசவன் வாங்கிண்டு போனார், போன மாசம். பஞ்சாங்கத்தைக் கிழிச்சு ஒரு கட்டுரை எழுதப் போறாராம். திட்டறதுக்குத்தானே, புதுசு எதுக்கு, ஏதாவது பழசு எடுத்துக்கோங்கோன்னேன். இதையே பொறுக்கி எடுத்துண்டார்."

"நீங்க ஒரு தேதி குறிக்கணும்னா எப்படிக் குறிப்பீங்க?"

"ரெண்டையும் பார்ப்பேன். பஞ்சாங்கத்துல நாள் நன்னாயிருக்கணும், பட்டியல்ல ஆபீஸ் இருக்கணும். ஒண்ணை மட்டும் பார்த்தா வேலை நடக்குமோ?"

சுந்தரி பீரோவின் கதவை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, "மோர் இருக்கா மாமா?" என்று கேட்டாள். இருந்தது. குடித்துவிட்டு மத்தியானம் நன்றாகத் தூங்கினாள். வழக்கு பாதி முடிந்த மாதிரி இருந்தது அவள் தூங்கிய தூக்கம்.

மாலை 4.30. தாம்பரம் ஸ்டேஷன் வாசல் டீக்கடை. ஜெபசீலன் டீச்சருடைய அண்ணன் மகன், வயது முப்பது, தேவாலயப் பாடகர் குழுவில் உரத்த குரல். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து, மூன்று டீயும் முடித்திருந்தான்.

"அக்கா, நான்தான் பண்ணினேன்னு ஊரே சொல்லுது. ஸ்கூட்டர் வாங்க அத்தை பணம் தரலைன்னு கோபம் இருந்தது. இருந்ததுதான். அதுக்காக அத்தையை ஹால்ல படுக்க வைப்பேனா?"

"கையெழுத்து உங்க மாமாவோடதா?"

"மாமாவோடதேதான். அதுதான் எனக்கு விளங்கலை."

"வெறும் தாள்ல கையெழுத்துப் போடுற பழக்கம் அவருக்கு உண்டா?"

ஜெபசீலன் சிரித்தான். சிரித்தபின்தான் அவனுக்கே உறைத்தது. "நன்கொடை ரசீதுக்குன்னு மத்தியானத் தூக்கத்தில எழுப்புறாங்கன்னு, ஸ்டாம்ப் ஒட்டி அடியில கையெழுத்துப் போட்டு அம்பது வெள்ளைத்தாள் பெட்டியில வெச்சிருந்தார். 'நிரப்பிக்கங்க, என்னை எழுப்பாதீங்க'ன்னு. அது இன்னும் அங்கேதான் கிடக்கு!"

ஆக, கையெழுத்து உண்மை, அதற்கு மேலே உள்ள வாசகம்தான் புளுகு. நேர்மையான மனிதர்கள் தூக்கத்துக்காகச் செய்கிற அசட்டுத்தனத்தை எந்தத் திருடனும் செய்ய மாட்டான். ஆனால் சாவி மூன்று பேரிடம். மூன்று பேரில் யார்?

ஞாயிறு காலை 10.45. ஆராதனை முடிந்து சபையார் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சபைச் செயலாளர் சத்தியநாதன் குடையை விரித்துக்கொண்டிருந்தார். சுந்தரி வணக்கம் சொன்னாள்.

"எலியேசர் சார் நல்லாப் பேசுவாராமே?"

சத்தியநாதனின் முகம் மாறிற்று. "இறந்தவரைப் பத்தித் தப்பாப் பேசக்கூடாது. ஆனா கேட்டுட்டீங்க. மூணு மணி நேரத்துல ஏழு பேர் பேசணும், பாட்டு வேற. அவர் அஞ்சாவது, நான் ஏழாவது. அவர் கடைசியாப் பேசின வருஷம் ஒருத்தரே நாப்பது நிமிஷம் எடுத்துக்கிட்டார். எனக்கு மிஞ்சினது ஆறு நிமிஷம்! ரெண்டு மாசம் தயார் பண்ணின பிரசங்கம்."

"அதையெல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களே!"

"மன்னிச்சுட்டேன். டைரியில எழுதி வெச்சுத்தான் மன்னிச்சேன்."

"அந்த டைரியை இன்னிக்கு ஒரு நாள் கொடுப்பீங்களா?"

ஞாயிறு மாலை 5.00. மரவாடிக் கொட்டகை. தேக்கு மரத் துண்டுகள்மேல் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மிக்சரும் காப்பியும் உண்டு என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது. தோத்தாத்ரி ஆறு மணிக்கு மேல்தான் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கேசவன் அதைக் கூட்டத்தில் வாசித்துக்காட்டி, "இவர்தான் நம் செயலாளர்!" என்றார். கூட்டம் சிரித்தது.

பிறகு அவர் பேசினார். கிரேக்கத்தில் தொடங்கினார். 5.30-க்கு மனிதன் குரங்கிலிருந்து வந்தான். 5.50-க்கு நெருப்பைக் கண்டுபிடித்தான். ஜெபசீலன் இரண்டு முறை எழுந்து, "தலைவரே, தீர்மானத்தில கையெழுத்துப் போட்டுட்டுப் பேசலாமே, ட்ரெயினுக்கு நேரமாகுது" என்றான். கேசவன் இரண்டு முறையும் கையமர்த்தினார். தோத்தாத்ரி உள்ளே வந்து நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். கேசவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மனிதகுலத்தை நெருப்போடு அப்படியே விட்டுவிட்டு, "இனி கையெழுத்திடலாம்" என்று பேனாவைத் திறந்தார்.

மணி 6.02.

சுந்தரி எழுந்தாள். "ஒரு சின்ன சந்தேகம். தலைவரும் செயலாளரும் டீச்சரும் உள்ளே வந்தா நல்லது. நீங்கள்லாம் மிக்சர் சாப்பிட்டுக்கிட்டிருங்க."

உள்ளறையில் நாலு பேர். கதவு சாத்தப்பட்டது.

"கையெழுத்து உண்மை" என்றாள் சுந்தரி. "வெள்ளைத்தாள்ல போட்டது. மேலே டைப் அடிச்சது வேற ஆள். பெட்டிச் சாவி இருக்கிற மூணு பேர்ல ஒருத்தர். மாமா, 1973 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை, பகல் 12.10. எப்படிப்பட்ட நேரம்?"

தோத்தாத்ரி கண்ணை மூடினார். கட்டைவிரல் மற்ற விரல்களில் கணக்குப் போட்டது. "சித்திரை மாசம். திரிதியை, அனுஷம். பன்னண்டுக்கு ராகு காலம் முடிஞ்சுடறது, மூணுக்குத்தான் எமகண்டம். பேஷான நேரம்! நானே குறிச்சிருந்தாக்கூட இதைத்தான்..." அவர் நிறுத்திக்கொண்டார். "நான் குறிக்கலை."

"நீங்க குறிச்சிருக்க மாட்டீங்க. உங்க பீரோக் கதவுல அந்த வருஷத்துப் பட்டியல்ல ஏப்ரல் 20 என்ன?"

"லீவு" என்றார் தோத்தாத்ரி. பிறகு மெதுவாக, "குட் ஃப்ரைடே."

ரத்தினபாய் நிமிர்ந்தார். தேதியாக அது அவருக்கு வெறும் எண். வருஷத்துக்கு வருஷம் நகர்கிற நாள். இப்போது அந்த நாளே முகத்துக்கு நேரே வந்து நின்றது. "பெரிய வெள்ளியா! அன்னிக்குப் பன்னண்டுலேர்ந்து மூணு வரைக்கும் கோயில்ல இருந்தோமே. இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையில அவர் அஞ்சாம் வார்த்தை பேசினார்."

"நாப்பது நிமிஷம் பேசினார். சத்தியநாதன் சார் டைரி இதோ. 'ஏப்ரல் 20. எலியேசர் நாற்பது நிமிடம். எனக்கு ஆறு. கர்த்தர் பார்த்துக்கொள்வார்.' இருநூறு பேர் சாட்சி. தாம்பரத்துல எந்தக் கிறிஸ்தவர் வீட்டுலயும் அந்த மூணு மணி நேரத்துல உட்கார்ந்து வீடு விக்கிற ஒப்பந்தம் எழுதமாட்டாங்க. அதனால ஜெபசீலன் இதை எழுதலை. அவன் எந்த நாளை வேணும்னாலும் போட்டிருப்பான், இதைப் போட்டிருக்க மாட்டான். லீவுப் பட்டியல் பார்க்கிற மாமாவும் எழுதலை. மிஞ்சினது, லீவே விடாத கடைக்காரர்."

கேசவன் மேடைக் குரலை எடுத்தார். "அபாண்டம்! எனக்கு எந்த நாளும் ஒன்றே. ஏதோ ஒரு தேதி, ஏதோ ஒரு நேரம்..."

"அந்த நேரம்தான் சார் எல்லாரும் கவனிக்காம விட்டது. பத்தொன்பது வருஷமா பத்திரம் எழுதுறேன். ரசீதுல தேதி இருக்கும். மணி இருக்காது. நேரம் பார்த்தவன்தான் நேரத்தை எழுதுவான். ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவில சந்து கண்டுபிடிச்சு உள்ளே நுழைஞ்சீங்க. அந்தச் சந்துல ஏற்கெனவே ஒரு சபையே உட்கார்ந்திருந்தது. தினசரிக் காலண்டரைப் பார்த்திருந்தா சிவப்பு எழுத்துல போட்டிருப்பான். ரெண்டு வருஷத்துக்கு முந்தின தாளை யார் வெச்சிருக்காங்க, எல்லாம் கிழிச்சுப் போட்டாச்சு. பழசுன்னா பஞ்சாங்கம்தான் கிடைக்கும். மாமா வீட்டுப் பிரமாதீச உங்ககிட்ட இருக்கு. 1973 சித்திரையில பொறந்த வருஷம் அதுதான்."

"அது ஆராய்ச்சிக்காக..."

"நேத்து அம்மணியை ஏழரை வரைக்கும் உட்காரவெச்சீங்க, குளிகை முடியட்டும்னு. ஒன்பதுக்குள்ள வரச் சொன்னீங்க, ராகு காலம் வந்துடும்னு. இன்னிக்கு ஊருக்காக ராகு காலத்துல கூட்டம் வெச்சீங்க. கையெழுத்தை மட்டும் 6.02 வரைக்கும் தள்ளினீங்க. அதுக்குள்ள பாவம், மனுஷன் குரங்குலேர்ந்து வரவேண்டியிருந்தது. நடக்கவே நடக்காத ஒரு காரியத்துக்கு ரெண்டு வருஷம் கழிச்சு நல்ல நேரம் பார்த்தது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் சார்."

கேசவன் ஒரு பலகைமேல் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்துகொண்டு பேசினார். மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது.

"சரிம்மா, எழுதினேன். என் பேருல ஒரு கட்டடம் இருக்கட்டுமேன்னு எழுதிட்டேன். கிழிச்சுப் போட்டுடுறேன். போலீஸுக்கு வேணும்னாலும் எழுதிக் குடுக்கிறேன். ஆனா அந்தப் பஞ்சாங்க விஷயம் மட்டும்..." அவர் கதவைப் பார்த்தார். அப்பால் அறுபது பேர் மிக்சர் மெல்லும் சத்தம். "அது மட்டும் வெளிய தெரிய வேணாம்."

"போர்ஜரி தெரிஞ்சா பரவாயில்லையா?" என்றார் டீச்சர் திகைத்து.

"அது மனுஷன் பண்றதுதானேம்மா!"

கணக்கு டீச்சருக்கு ஏதோ ஒரு கூட்டல் மனசில் ஓடியிருக்க வேண்டும்.

"கேசவன், எனக்கு வீடு விக்கணும். உங்களுக்கு வீடு வேணும். இருபத்து நாலுக்கு வந்த ஸ்ரீநிவாசனை நீங்க லெட்டர் போட்டு விரட்டிட்டீங்க. நீங்க என்ன தர்றீங்க?"

"நானா? இருபத்து நாலே தரேன்."

தோத்தாத்ரி தொண்டையைக் கனைத்தார். "பிரமாதீச" என்றார், யாரிடமும் அல்லாமல்.

"இருபத்தாறு."

"அனுஷம்."

"ஐயா, சத்தமாச் சொல்லாதீங்க. இருபத்தெட்டு."

"குளிகைன்னு ஒண்ணு இருக்கு பாருங்கோ..."

"முப்பத்தொண்ணு! அதுக்கு மேல என் தேக்கெல்லாம் வித்தாலும் வராது."

"போதும் மாமா" என்றார் டீச்சர். தோத்தாத்ரிக்கு இன்னும் இரண்டு யோகங்களும் ஒரு கரணமும் கைவசம் இருந்தன. மனசில்லாமல் நிறுத்திக்கொண்டார்.

6.25-க்குக் கேசவன் வெளியே வந்து, ஒரு விதவையின் கண்ணீரைவிடப் படிப்பகம் பெரிதல்ல என்று அறிவித்து, ஒப்பந்தத் தாளை நாலாகக் கிழித்தார். கூட்டம் கைதட்டிற்று. கண்ணீர் விடாத விதவை முன்வரிசையில் உட்கார்ந்து மிக்சரில் முந்திரி தேடிக்கொண்டிருந்தார். வீட்டைத் தம் சொந்தப் பணத்தில், சந்தை விலைக்கும் மேலே கொடுத்து வாங்கிக்கொள்வதாகத் தலைவர் சொன்னபோது, "பெருந்தன்மைப் பேரொளி" என்று அவருக்கு இன்னொரு பட்டம் வழங்கும் தீர்மானம் நிறைவேறிற்று. இந்தத் தடவை முன்மொழிந்தது தோத்தாத்ரி. கிடந்த வெள்ளைத்தாள் அத்தனையையும் ஜெபசீலன் காப்பி அடுப்பில் போட்டான்.

மார்ச் மாதம் பத்திரம் பதிவாயிற்று. அதைப் பேரேட்டில் நகல் எழுதியது சுந்தரி. எழுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்ததாகச் சொல்கிறார்கள். அந்த வீட்டின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் அரசாங்கக் கணக்குப்படி முப்பத்தோராயிரம். செங்கல், சுண்ணாம்பு, மிச்ச சிமெண்டு இருபத்து நாலு, மௌனம் ஏழு. பல்லாவரத்தில் டீச்சருடைய இரண்டு அறையும் ஆடிக்கு முன்னால் முடிந்துவிட்டன. ஞாயிறு தோறும் மருமகன் வந்து கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். டீச்சர் அவனுக்கு முறுக்கு கொடுக்கிறார்.

மூன்றாம் நம்பர் வீட்டில் இப்போது சவுக்குக் கட்டை அடுக்கியிருக்கிறார்கள்.